எச்சில் வாளியின் எடை

கோப்பை கழுவ சுசீலா சோப்பைத் தொடுவதில்லை. கொதிக்கும் தண்ணீரில் ஒரு முறை, பச்சைத் தண்ணீரில் ஒரு முறை, மறுபடியும் கொதிக்கும் தண்ணீரில் ஒரு முறை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சோடா உப்புப் போட்டுக் கறை எடுப்பாள். துடைக்கவும் மாட்டாள்; துணிக்கும் ஒரு வாசனை இருக்கிறது. மரச்சட்டத்தில் கவிழ்த்து வைத்தால் தானாகக் காயும். குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு அலுவலகத்தின் பின்கட்டில், ருசி பார்க்கும் அறையை ஒட்டிய கழுவும் அறையில், இருபத்தொரு வருஷமாக இதுதான் அவள் வேலை. புதன்கிழமையானால் வரிசைக்கு முப்பத்தாறாக எட்டு வரிசை. இருநூற்று எண்பத்தெட்டு வெள்ளைக் கோப்பைகள், பிடியில்லாதவை. இத்தனை வருஷத்தில் உடைந்தவை பதினொன்று. அதில் நான்கு பூனை தட்டிவிட்டது.

வேலைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. செவ்வாயும் புதனும் தலையில் பூ கூடாது. வாசனை எண்ணெய் கூடாது. வெங்காயம், பூண்டு, ஊறுகாய் எதுவும் தின்றுவிட்டு வரக் கூடாது. ருசி பார்ப்பவர் கோப்பைமேல் குனியும்போது தேயிலையைத் தவிர வேறெதுவும் மூக்குக்குப் படக் கூடாது என்பதற்காக. அவளுடைய நாத்தனார் வேலாமணிக்கு இது எப்போதும் ஒரு கேலி. செவ்வாய்க்கிழமையில் வந்த சீர் விசேஷம் ஒன்றில், பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி, எங்க அண்ணி பூவும் வெக்காது, வெங்காயமும் திங்காது, நல்ல காரியத்துக்கும் துக்கம் கேக்க வந்தாப்புலயே வரும் என்றாள். சுசீலாவும் சேர்ந்து சிரித்தாள். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் மார்க்கெட்டில் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவாள்.

வேலை கேட்டு வந்தபோது அவளுக்கு இருபத்தேழு வயது. பசுந்தேயிலை கிலோ ஐந்து ரூபாய்க்குப் போன காலம் அது. அரவேணுவில் அவள் கணவன் ஆறுக்குட்டிக்கு ஒரு ஏக்கர் தேயிலை இருந்தது. பறிக்கும் கூலிக்குக்கூட இலை விலை கட்டவில்லை. அப்போதிருந்த மேனேஜரிடம் அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள்: எங்க ஊட்டுலயும் தோட்டம் இருக்குதுங்க, இலையை ஃபேக்டரிக்குப் போடறோமுங்க, அந்த ஃபேக்டரித் தூளும் இங்கதான் வருதுங்க. மேனேஜர் சிரித்தார். கோப்பை கழுவுற பொம்பளைக்கு அதனால என்னம்மா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு அது ஒன்றுமில்லாத விஷயம். அவள் அன்றைக்கே தனக்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டாள். எந்தத் தூள் நல்லது, எது மட்டம் என்று அந்த அறையில் வாயைத் திறப்பதில்லை.

கழுவுவது மட்டும் அவள் வேலையில்லை. ஒவ்வொரு ஃபேக்டரியும் விற்கப்போகும் தூளில் ஒரு பிடியைச் சின்ன டப்பாவில் அனுப்பியிருக்கும். அதில் இரண்டரை கிராம் நிறுத்து, மூடியுள்ள குடுவையில் போட்டு, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, ஆறு நிமிஷம் விட வேண்டும். டைமர் மணி அடித்ததும் கோப்பையில் வடித்து, ஒரு கரண்டி பால். டப்பா பின்னால், கோப்பை முன்னால். பிறகு ருசி பார்க்கும் டேஸ்டர் கீர்த்திவாசன் வருவார். ஒரு கரண்டி எடுத்து, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி உறிஞ்சி, வாயில் சுழற்றி, சக்கரம் வைத்த சட்டத்தில் நிற்கும் எவர்சில்வர் வாளியில் துப்புவார். துப்பியதும் ஒரு விலை சொல்வார். கூடவே நடக்கும் ராஜப்ரியா அதைக் கையிலிருக்கும் டேப்லெட்டில் பதிவு செய்வாள். மாலை நான்கு மணிக்குப் பட்டியல் வாங்குபவர்களுக்குப் போகும். வியாழனும் வெள்ளியும் கம்ப்யூட்டரில் ஏலம். கீர்த்திவாசன் சொல்வதுதான் விற்கும் விலை என்றில்லை. ஆனால் கேட்பவர்கள் அதை ஒட்டித்தான் கேட்கத் தொடங்குவார்கள். பெரிய பேர் இல்லாத சின்ன ஃபேக்டரித் தூள் அதைத் தாண்டி ஏறுவது அபூர்வம்.

கழுவுகிற இடத்தில் நின்றே ஊர் உலகத்துச் சேதியைத் தெரிந்துகொள்ள முடியும் என்பதை சுசீலா வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம் கண்டுபிடித்தாள். சாதாரண வாரத்தில் கோப்பைகள் எல்லாம் ஒரே மாதிரி திரும்பி வரும்: ஒரு கரண்டி குறைந்து, மேலே பாலாடை கலைந்து. வாளி கனக்கும். அறிவிப்பு ஏதாவது வந்த நாளில் அப்படி வராது. பட்ஜெட் படிக்கும் நாளில் பதினோரு மணிவரை ஒழுங்காக வரும் கோப்பைகள் அதற்குப் பிறகு ஒன்று விட்டு ஒன்று தொடாமல் வரும். ரஷ்யாவில் சண்டை தொடங்கிய அடுத்த வாரம், அந்த நாட்டுக்குப் போகும் ரகங்கள் மட்டும் வரிசையாக நிரம்பிய கோப்பையோடு வந்தன. நோட்டு செல்லாது என்று ராத்திரி அறிவித்து விடிந்ததும் புதன்கிழமை. அன்றைக்கு இருந்த டேஸ்டர் ஒரே வரிசையை இரண்டு தரம் குடித்தார். வெளியே போய் யாருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அறைக்குள்ளேயே இருந்தார் என்று நினைக்கிறேன் என்பாள் சுசீலா. அன்று வாளியை இரண்டு முறை கொட்ட வேண்டியிருந்தது.

ராஜப்ரியா கிண்டலாக அவளை நியூஸ் சேனல் என்பாள். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து நான்கு வருஷமான பெண், வாயாடி. காலையில் வந்ததும், என்னக்கா, இன்னிக்கு வாளி என்ன சொல்லுது என்பாள். இன்னும் கழுவவே ஆரம்பிக்கல கண்ணு, விளம்பரம் ஓடிட்டிருக்குது என்று இவள் சொல்வாள்.

கீர்த்திவாசன் நல்ல நாக்குக்காரர். அதை அந்தத் தெருவில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஒரு கோப்பையைக் குடித்துவிட்டு, அந்த ஃபேக்டரியில் டிரையர் கொஞ்சம் அதிகம் சூடாகிறது என்று சொல்லி, அது சரியாகவும் இருந்திருக்கிறது. முன்பெல்லாம் ருசி பார்க்கும்போது போனை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார். போன வருஷம் அது மாறியது. ஒரு வாரம் அவர் நாக்கு சொன்னபடி விலை போட்டார்; அன்று மத்தியானம் ஏதோ ஒரு அறிவிப்பில் சந்தை படுத்துவிட்டது; மற்றத் தரகர்கள் குறைத்துவிட்டார்கள், இவர் குறைக்கவில்லை. மறுநாள் ஏலத்தில் இவர் பட்டியலில் பாதிக்கு மேல் கேட்க ஆளில்லாமல் நின்றது. ஃபேக்டரிக்காரர்கள் வரிசையாகப் போன் செய்தார்கள். ஒருவர் நேரிலேயே வந்து, உங்க நாக்கை வெச்சு நான் கரண்ட் பில் கட்ட முடியுங்களா என்று கேட்டார். அதற்குப் பிறகு போன் டிராயருக்குள் போவதில்லை. டப்பாக்களுக்கு நடுவே ஒன்றின்மேல் சாய்ந்து நிற்கும், அதுவும் ருசி பார்க்க வந்த மாதிரி.

ஜூன் மாதம். மழை நன்றாகப் பிடித்து இலை கிடுகிடுவென்று வந்துகொண்டிருந்தது. ஆறுக்குட்டிக்கு வருஷத்தில் இரண்டு மாதம்தான் தோட்டத்திலிருந்து கையில் நிற்கும்படி ஏதாவது வரும். இது அதில் ஒன்று. மீதிப் பத்து மாதம் சுசீலாவின் சம்பளத்தில் ஓடும். அவர்கள் இலை போடும் ஃபேக்டரி மயில்சாமியுடையது. சின்னது, ஒரு பாய்லர், முப்பது பேர், அரவேணுவைச் சுற்றி நூற்றுச் சொச்சம் தோட்டக்காரர்கள். போன ஞாயிற்றுக்கிழமை இலை எடை போடும் கொட்டகையில் மயில்சாமி எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார். தூள் கிலோ நூற்றிப் பத்து ரூபாய்க்குக் கீழே போனால் விறகுக்கும் கரண்டுக்கும் கட்டாது. போன வாரம் நூற்றிப் பதின்மூன்று, அதற்கு முந்தின வாரம் நூற்றிப் பன்னிரண்டு. இந்த வாரம் நூற்றிப் பத்து உடைந்தால் பாய்லரை அணைத்துவிடப் போகிறார். எப்போது மூட்டுவார் என்று அவருக்கே தெரியாது.

"வெறகு இந்த மாசம் என் ஊட்டுக்காரி வளையல்ல எரியுதுங்க. அடுத்தது தாலிக்கொடிதான். அதைக் கேக்கறதுக்கு எனக்குத் தைரியமில்லை" என்றார். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பாய்லர் அணைந்தால் இலையை எங்கே கொண்டுபோவது? மற்ற ஃபேக்டரிகள் தங்கள் ஆட்களின் இலையையே அளந்துதான் எடுக்கிறார்கள். செடியில் விட்டால் பத்து நாளில் முற்றிக் கரடாகும். இதை யாரும் அங்கே பேசவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ரிசர்வ் வங்கியின் வட்டி அறிவிப்பு. அப்போது கீர்த்திவாசன் ஐந்தாம் வரிசையின் நடுவில் இருந்தார். டப்பாமேல் சாய்ந்திருந்த போனிலிருந்து ஒரு குரல் இங்கிலீஷில் நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தது. வட்டி குறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். குறைக்கவில்லை. சுசீலா ஆறாம் வரிசைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்து டைமரைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்த ஆறு நிமிஷத்துக்குள் போன் ஒன்பது முறை ஒலித்தது. ரூபாய் மதிப்பு ஏறுகிறது. வெளிநாட்டுக்குத் தேயிலை அனுப்புகிறவர்களுக்கு டாலரில்தான் பணம் வரும். ரூபாய் ஏறினால் அதே டாலருக்குக் கையில் வருவது குறையும். அதனால் நாளைக்கு அவர்கள் குறைத்துத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு போனிலும் இதையேதான் ஒவ்வொருவரும் சொன்னார்கள் என்பது கீர்த்திவாசன் பேசியதிலிருந்தே தெரிந்தது. ஆமாங்க, ரூவா ஏறுதுங்க, ஆமாங்க என்பதைத் தவிர அவர் வேறெதுவும் பேசவில்லை.

சுசீலா பால் ஊற்றிவிட்டுக் கழுவும் அறைக்குப் போனாள். பதினோரு மணிக்கு ஆறாம் வரிசை முடிந்தது என்று ராஜப்ரியா கூப்பிட்டாள். வந்து பார்த்தால் முப்பத்தாறு கோப்பையும் ததும்பி நின்றன. ஒன்றில்கூட ஆடை கலையவில்லை. கரண்டி உலர்ந்திருந்தது. சட்டத்திலிருந்து வாளியை எப்போதும்போல இரண்டு கையால் தூக்கப் போனவள், ஒரு கையாலேயே தூக்கிவிட்டாள்.

மயில்சாமி ஏலத்துக்கு அனுப்பிய நான்கு லாட்டும் அந்த வரிசையில்தான். பதினான்கு, பதினைந்து, பதினாறு, பதினேழு. அவள்தான் வடித்தாள், பால் ஊற்றுவதற்கு முன் கோப்பையின் விளிம்போடு, நல்ல தூளுக்கு அடையாளமான ஒரு மஞ்சள் வளையம் நின்றதைப் பார்த்தாள். மழை இலையில் அது லேசில் நிற்காது.

ராஜப்ரியாவிடம் விலை என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். அதை அவள் இதுவரை கேட்டதேயில்லை. ராஜப்ரியா ஒரு நொடி அவளைப் பார்த்துவிட்டு டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். நான்குக்கும் நூற்றி நான்கு.

"ரூவா எவ்வளவு கண்ணு ஏறியிருக்குது?"

"ஒரு டாலருக்கு நாப்பது காசுக்கா."

"நம்ம தூள் ஒரு கிலோ எத்தனை டாலர் வரும்?"

ராஜப்ரியா மனக்கணக்குப் போட்டாள். "ஒண்ணேகால். அதுக்கு ஒரு பொட்டு மேல."

"அப்போ கிலோவுக்கு அம்பது காசு. போன வாரம் நூத்திப்பதிமூணு. ஒம்பது ரூவா எங்கிருந்து வந்துச்சு?"

ராஜப்ரியா கதவுப்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். எல்லாத் தரகரும் குறைக்கிறார்களாம். எவ்வளவு என்று யாருக்கும் தெரியாதாம். மற்றவர் எவ்வளவு குறைப்பார் என்று பயந்து ஒவ்வொருவரும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் குறைக்கிறார்களாம். பட்டியலைப் பார்த்து, வாங்குகிறவர்கள் நாளைக்கு அதற்கும் கீழேயிருந்து கேட்பார்கள். சார் ஆறாம் வரிசை முழுவதுக்கும் போனைப் பார்த்தபடியே விலை சொல்லிவிட்டார் என்று கடைசியில் சொன்னாள். பிறகு, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கக்கா என்றாள்.

ஏழாம் வரிசையும் எட்டாம் வரிசையும் ஓரளவு குடிக்கப்பட்டு வந்தன. போன் கொஞ்சம் அடங்கியிருந்தது. சுசீலா அவற்றைக் கழுவினாள். ஆறாம் வரிசையைக் கழுவவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வாசல் படிக்கட்டுக்கு வந்து ஆறுக்குட்டிக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். அவனுக்குப் பின்னால் பறிக்கும் பெண்களின் சத்தம் கேட்டது.

"நீ வாயைத் தொறக்காத, சுசீ. மாசமானா நிக்காம வர்றது உன் சம்பளம் ஒண்ணுதான். அதையும் கெடுத்துக்காத."

"இல்லைங்க. சும்மா சொன்னேனுங்க."

"மயில்சாமி அணைச்சா அணைக்கட்டும். பாத்துக்கலாம்." வைத்துவிடுவான் என்று நினைத்தாள். வைக்கவில்லை. "இன்னிக்கு எட்டு மூட்டை கட்டியாச்சு. மேல்பாத்தி இன்னும் பறிக்கவே இல்லை. அவ்வளவு இலை" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

அவன் சொன்னது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. இத்தனை வருஷம் காப்பாற்றிய ஒழுங்கும் அதையேதான் சொன்னது. அந்த நான்கு கோப்பைகள் அவள் வீட்டுக் கோப்பைகள். அவற்றுக்காகப் பேசினால் நாளைக்கு அவள் ஊற்றும் தண்ணீரைக்கூடச் சந்தேகப்படலாம். ஆனால் அந்த வரிசையில் மற்ற முப்பத்திரண்டும் இருந்தன. கட்டபெட்டு, எடப்பள்ளி, கொலக்கம்பைப் பக்கத்து ஃபேக்டரிகள். பெயர் தவிர வேறெதுவும் அவளுக்குத் தெரியாதவர்கள். அவர்களுக்கும் பாய்லர் இருக்கும். அவர்கள் தூளையும் யாரும் குடிக்கவில்லை. இதை நினைத்த பிறகுதான் டப்பாவைத் திறந்தாள்; தயிர்சாதம் இறங்கியது.

மூன்று மணிக்கு அவள் ஆறாம் வரிசையைக் கொட்டிக் கழுவி, முப்பத்தாறு டப்பாவையும் திறந்து, தூளை மறுபடி நிறுத்தாள். சந்தேகம் வந்த தூளை டேஸ்டர் இன்னொரு தரம் போடச் சொல்வது அங்கே வழக்கம்தான். ஒன்று, இரண்டு, மிஞ்சினால் ஐந்து. முழு வரிசையை யாரும் சொல்லாமல் போட்டதில்லை. தண்ணீர் ஊற்றினாள். டைமரைத் திருகினாள். மணி அடித்ததும் வடித்து, பால் விட்டு, கீர்த்திவாசன் அறை வாசலில் போய் நின்றாள்.

"ஆறாம் வரிசை வெச்சிருக்கறேனுங்க, சார்."

அவர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "ஆறாம் வரிசையா? அது காலைலயே முடிஞ்சுதேக்கா."

"ஆடை கலையலீங்க, சார்."

அவள் சொன்னது அவ்வளவுதான். கீர்த்திவாசன் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். ராஜப்ரியா தன் மேஜையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

எழுந்து அவள் பின்னாலேயே வந்தார். வரிசையைப் பார்த்தார். முப்பத்தாறிலிருந்தும் ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவர் கோபப்படவில்லை. அந்த அறையில் அவர் யாரையும் சத்தம் போட்டதில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். விலையைத் தான் வைப்பதில்லை, வாங்குகிறவர்கள் வைக்கிறார்கள் என்றார். அவர்கள் தேயிலையைப் பார்த்து வைப்பதில்லை, பத்து மணிச் சேதியைப் பார்த்து வைக்கிறார்கள். போன வருஷம் நாக்கை நம்பியதற்கு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும் என்றார். நான் நூற்றிப் பதின்மூன்று என்று எழுதி, அது விற்காமல் நின்றால், அந்த ஃபேக்டரிக்காரருக்கு நூற்றி நான்குகூட வராதே என்றார். எல்லாம் உண்மைதான். சுசீலா கேட்டுக்கொண்டு நின்றாள்.

பிறகு அவர் டப்பாக்களின் பெயர்களைப் பார்த்தபடியே நடந்தார். பதினான்காவதில் நின்றார்.

"இது மயில்சாமியோடதுங்களா?"

"ஆமாங்க."

"உங்க இலை அங்கதானே போகுது?"

"ஆமாங்க, சார். சேரும்போதே சொல்லியிருக்கறேனுங்க." அவள் முன்னால் வந்து, பதினான்கிலிருந்து பதினேழு வரை நான்கு கோப்பைகளையும் டப்பாக்களோடு ஒவ்வொன்றாக எடுத்து, மேஜையை விட்டுத் தள்ளி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "இது இருக்கட்டுங்க. மீதி முப்பத்திரண்டையும் குடிங்க."

கீர்த்திவாசன் அந்த இடைவெளியைப் பார்த்தார். பதின்மூன்றுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஈரமான நான்கு வட்டங்கள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார். போனைக் குப்புறக் கவிழ்த்தார். ராஜப்ரியாவைக் கூப்பிட்டார்.

குடித்தார். காலையில் ஆறாம் வரிசைக்குக் கேட்காத சத்தம் இப்போது அறையில் கேட்டது. உறிஞ்சல், ஒரு இடைவெளி, துப்பல், ஒரு எண். ராஜப்ரியா பழைய எண்ணை அழித்துப் புதியதை இட்டாள். முதல் ஐந்தும் ஆறேழு ரூபாய் ஏறின. ஒன்பதாவதில் முகத்தைச் சுளித்தார். புகை பிடித்திருக்கிறது, காலையில் போட்டதைவிட மூன்று ரூபாய் குறைத்துப் போடு என்றார். இருபத்திரண்டாவதை இரண்டு தரம் குடித்தார். ஆகமொத்தம் இருபத்தைந்து ஏறின, மூன்று இறங்கின, நான்கு அப்படியே இருந்தன. சுசீலா ஒவ்வொரு கோப்பையும் முடிய முடிய எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டே வந்தாள். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாளியில் விழும் சத்தம் மெல்ல மெல்லக் கனத்து வருவது மட்டும் கேட்டது.

முப்பத்தாறாவது முடிந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பது. நான்கு மணிக்குப் பட்டியல் போக வேண்டும்.

கீர்த்திவாசன் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் விளிம்பைப் பார்த்தார். அங்கே நான்கு கோப்பைகளும் ஆறிப்போய், மேலே ஆடை தடித்துச் சுருங்கத் தொடங்கியிருந்தது. வெளியே மூடுபனி கண்ணாடிவரை வந்து நின்றது. அவருக்கு உண்மையிலேயே மனம் இளகியிருக்க வேண்டும். சோர்வும் இருக்கும், ஒரு நாளில் இத்தனை கோப்பை குடித்தால் நாக்கு மரத்துப்போகும்.

"இருபத்தொரு வருஷமா நீங்களும் பாக்கறீங்கக்கா. உங்க கண்ணு தப்பாது" என்றார். "இந்த நாலுக்கு நீங்களே சொல்லுங்க. எவ்வளவு போடட்டும்?"

ராஜப்ரியாவின் விரல் டேப்லெட்டின் மேல் நின்றது. அவள் சுசீலாவைப் பார்த்த பார்வையில், சொல்லுங்கக்கா என்பது அப்பட்டமாக இருந்தது. நூற்றிப் பதின்மூன்று. வாயைத் திறந்து சொன்னால் போதும். அந்த மஞ்சள் வளையத்தை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அது பொய்யும் ஆகாது. அரவேணுவில் எட்டு மூட்டை இலை கட்டிக் கிடந்தது. மேல்பாத்தி பறிக்காமல் நின்றது.

சுசீலா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு வெலை தெரியாதுங்க, சார். இது ஆறிப்போச்சுங்க. புதுசா ஊத்துனா ஆறு நிமிஷம் ஆகும். ஊத்தட்டுங்களா?"

கவிழ்ந்து கிடந்த போன் மேஜைமேல் அதிரத் தொடங்கியது. கீர்த்திவாசன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அந்த நான்கு கோப்பைகளைப் பார்த்தார். போன் அதிர்ந்துகொண்டே மேஜை விளிம்பை நோக்கி நகர்ந்தது; அவர் அதை எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.

சுசீலா குனிந்து, சட்டத்திலிருந்து வாளியை இரண்டு கைகளாலும் தூக்கி, தளும்பாமல் இடுப்போடு அணைத்துக்கொண்டு, கெண்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த கழுவும் அறைக்குப் போனாள்.